சலக்கடுப்பு: ‘சூடு’ என்ற சொல்லுக்குள் மறைந்திருக்கும் நோய்கள்

கச்சான் காற்று வீசும் மாதங்களில் மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் ஆண்களிடமிருந்து எழும் முறைப்பாடு ஒன்று உண்டு. ‘சலம் போகும்போது எரிகிறது, உடம்பில் சூடு’ என்பதே அது. படுவான்கரையில் வேளாண்மை வெட்டுபவரும், எழுவான்கரையில் தோணி தள்ளுபவரும், காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் கடை நடத்துபவரும், மருதமுனையில் தறியில் அமர்ந்திருப்பவரும் இதற்கு ஒரே பெயரைத்தான் சூட்டுகின்றனர். வீட்டிலே மனைவி கேட்டாலும் சூடு. மருந்துக்கடைக்காரர் கேட்டாலும் சூடு. வயற்களத்திலே சூடு என்றால் நெற்கதிர்களை அடுக்கிய குவியல் என்று பொருள். அங்கு அச்சொல்லில் குழப்பம் ஏதுமில்லை. உடம்பைக் குறித்துச் சொல்லும்போதுதான் அது குறைந்தது ஐந்தாறு வெவ்வேறு நோய்களை மூடி மறைக்கும் போர்வையாக மாறிவிடுகிறது.

நமது பழைய பரிசாரிமார் இவ்விடயத்தில் நம்மை விடத் தெளிவாக இருந்தனர் என்றே கூறவேண்டும். நீர்க்கடுப்பு, நீர்ச்சுருக்கு, நீரடைப்பு, கல்லடைப்பு, வெட்டை எனத் தனித்தனிப் பெயர்கள் சித்த மருத்துவத்தில் உண்டு. சிறுநீரின் நிறம், மணம், நுரை, எடை ஆகியவற்றை நோக்கும் நீர்க்குறியும், அதன்மீது ஒரு துளி நல்லெண்ணெயை விட்டு அது பரவும் விதத்தை நோக்கும் நெய்க்குறியும் நோயைப் பிரித்தறியும் முயற்சிகளே. அம்முறைகளின் முடிவுகளை இன்றைய விஞ்ஞானம் அப்படியே ஏற்காதிருக்கலாம். ஆனால் சிறுநீரைப் பார்க்காமல் மருந்து கொடுக்கலாகாது என்ற அதன் அடிப்படையை எவரும் மறுக்கமாட்டார்கள். இன்று ஆய்வுகூட வசதி வளர்ந்துள்ள காலத்திலே, சிறுநீரை எவரும் பாராமலே மருந்து கைமாறுவதுதான் விந்தை.

‘சூடு’ என்ற விளக்கம் முற்றிலும் பொய்யுமன்று. கடும் வெயிலில் உழைப்பவரின் உடலிலிருந்து நீர் பெரும்பாலும் வியர்வையாகவே வெளியேறிவிடுகிறது. எஞ்சும் சிறுநீர் அளவிற் குறைந்து, செறிவில் கூடி, கடும் மஞ்சள் நிறமாகி, வெளியேறும் பாதையில் எரிவை உண்டாக்கும். இத்தகைய எரிவு போதிய நீர் அருந்தினால் ஒரு நாளில், மிஞ்சினால் இரண்டு நாட்களில் மறைந்துவிடும். சிறுநீர் வைக்கோல் நிறத்துக்குத் திரும்பும். அப்படி மறைந்துவிட்டால் அதைச் சூடு என்றே அழைத்துக்கொள்ளலாம். மறையாவிட்டால், மறைந்து மீண்டும் வந்தால், கூடவே காய்ச்சலோ சீழோ இரத்தமோ தோன்றினால் அது சூடு அன்று. அதற்கு வேறொரு பெயர் உண்டு. அப்பெயரைக் கண்டறிய வேண்டும்.

ஆண்களைப் பொறுத்தவரை இது மேலும் முக்கியமாகிறது. பெண்ணின் சிறுநீர் வழி ஏறத்தாழ 4 சென்றிமீற்றர் நீளமுடையது. ஆணுடையதோ ஏறத்தாழ 20 சென்றிமீற்றர். ஆகையால் கிருமிகள் வெளியிலிருந்து சலப்பையை எட்டுவது ஆண்களில் எளிதன்று. பெண்களுக்குச் சாதாரணமாக வரும் சிறுநீர்த் தொற்று ஓர் ஆணுக்கு வருமானால், ‘ஏன் வந்தது?’ என்ற கேள்வியை வைத்தியர் கேட்டே தீரவேண்டும். வழியில் எங்கோ தடை இருக்கலாம், கல் இருக்கலாம், நீரிழிவு இருக்கலாம், சுரப்பி வீங்கியிருக்கலாம். தொற்றை மட்டும் தணித்துவிட்டுக் காரணத்தை விட்டுவிட்டால் அது திரும்பி வரும்.

வலி எப்பொழுது, எங்கே தோன்றுகிறது என்பதைக் கவனித்துச் சொல்வது வைத்தியருக்குப் பெரிதும் உதவும். சிறுநீர் கழிக்கத் தொடங்கும் கணத்திலேயே எரிவு எழுந்தால் பெரும்பாலும் கோளாறு வெளிவழியில் உள்ளது. கழித்து முடியும் தறுவாயில் அடிவயிற்றில் பிடித்திழுத்தால் சலப்பையையோ புரொஸ்டேட் சுரப்பியையோ ஐயுற வேண்டும். விலாவின் பின்புறத்தில் தொடங்கி அலையலையாகத் தொடைச்சந்தி வரை இறங்கும் வலி கல்லின் அடையாளம். இவை உறுதியான விதிகள் அல்ல. ஆயினும் ‘எரியுது’ என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்வதை விட மேலானவை.

இளம் வயதினரிடமிருந்து தொடங்குவோம். பாலுறவு வாழ்க்கையிலுள்ள, 35 வயதுக்குட்பட்ட ஆண்களில் இவ்வெரிவுக்கு முதலில் கருத வேண்டிய காரணங்கள் கொனோரியாவும் கிளமிடியாவும் ஆகும். முன்னதைத்தான் நமது முன்னோர் வெட்டை என்றனர். தொற்று ஏற்பட்டுப் பொதுவாக 2 முதல் 7 நாட்களுக்குள் கடும் எரிவும் மஞ்சள் நிறச் சீழும் தோன்றும். கிளமிடியா பதுங்கியிருந்து ஒன்று முதல் மூன்று வாரங்களின் பின்னர் இலேசான எரிவையும் தெளிந்த கசிவையும் காட்டும். பல ஆண்களில் எதையுமே காட்டாது. இதைத்தான் வாசகர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்: கணவனிடம் சிறு எரிவாகத் தோன்றி மறையும் இந்நோய், மனைவியிடம் எந்த அறிகுறியுமின்றி இருந்து, கருக்குழாய்களைச் சேதப்படுத்திக் குழந்தைப் பேற்றையே தடுத்துவிடக் கூடும். கருப்பைக்கு வெளியே கரு தங்கி உயிராபத்தை விளைவிக்கவும் கூடும். பின்னர் ஊரார் ‘மலடி’ என்று யாரைத் தூற்றுவர் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

நமது சமூகங்களில், தமிழராயினும் முஸ்லிம்களாயினும், இதைப் பேசுவது வெட்கக்கேடு என்ற எண்ணம் ஆழமாக வேரூன்றியுள்ளது. ஒழுக்கத்தைப் போதிப்போர் தம் பணியைச் செய்யட்டும். நாம் அதற்குக் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் நோய் வந்த பின்னர் மறைப்பது ஒழுக்கமாகாது. ஏதுமறியாத வாழ்க்கைத் துணைக்கு அது தீங்காகவே முடியும். தேசிய பாலியல் நோய், எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டத்தின் கீழ் மட்டக்களப்பிலும் கல்முனையிலும் இதற்கெனத் தனிச் சிகிச்சை நிலையங்கள் இயங்குகின்றன. அங்கு செல்ல எவருடைய கடிதமும் தேவையில்லை. பரிசோதனையும் மருந்தும் இலவசம். விபரங்கள் இரகசியமாகவே பேணப்படும். கொனோரியா கிருமி பெனிசிலினையும் சிப்ரொபுளொக்சசினையும் எதிர்க்கப் பழகிவிட்டமையால், இன்று அதற்கு செப்ட்ரியாக்சோன் ஊசி மருந்தே பயன்படுகிறது. கடையில் வாங்கும் மாத்திரைக்கு அது பெரும்பாலும் மசியாது. கிளமிடியாவுக்கு டொக்சிசைக்கிளின் மாத்திரை 7 நாட்கள் கொடுக்கப்படும். துணைவியும் உடன் சிகிச்சை பெறவேண்டும். சிகிச்சை முடிந்து 7 நாட்கள் கழியும்வரை தாம்பத்திய உறவைத் தவிர்க்க வேண்டும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. எரிவு என்று சொல்லும் ஒவ்வொருவரையும் ஒழுக்கம் கெட்டவராக நோக்கும் மனப்பாங்கு நம்மிடையே இருக்கிறது. அறுபது வயதுத் தந்தை ஒருவர் புரொஸ்டேட் வீக்கத்தால் துன்புறும்போது, பிள்ளைகள் என்ன நினைப்பார்களோ என்று வாய் திறவாதிருப்பது இதனாற்றான்.

சலப்பையின் கழுத்தைச் சுற்றி, ஒரு சிறு நெல்லிக்காயளவில் அமைந்துள்ளது புரொஸ்டேட். முன்னிற்கும் சுரப்பி என்று நமது பாடநூல்கள் இதனை அழைக்கும். வயது ஏற ஏற இது பருக்கும். 60 வயதளவில் ஏறக்குறைய பாதி ஆண்களில் பருத்திருக்கும். இரவில் பலமுறை எழவேண்டியிருத்தல், தாரை மெலிதல், தொடங்கக் காத்திருத்தல், முடிந்த பின்னும் சொட்டுதல் என்பன இதன் அறிகுறிகள். சலப்பை முழுமையாகக் காலியாகாது தேங்கும் நீரிலே கிருமி பெருகும், கல்லும் உண்டாகும், எரிவும் வரும். டம்சுலோசின் போன்ற மருந்துகள் வழியைத் தளர்த்திவிடும். பினாஸ்டரைட் சுரப்பியைச் சுருக்கும். அதன் பலனைக் காணச் சுமார் ஆறு மாதங்கள் பொறுக்கவேண்டும். இவை போதாதவர்களுக்குச் சிறுநீர் வழியினூடாகவே செய்யும் சத்திரசிகிச்சை உண்டு. புற்றுநோயும் இதே அறிகுறிகளோடு வரக்கூடும் என்பதால் பரிசோதனையைத் தள்ளிப்போடலாகாது. இன்னொரு சிறு எச்சரிக்கை: தடிமனுக்குக் கடைகளில் எளிதாக வாங்கும் குளோர்பெனிரமின் போன்ற மாத்திரைகள், பருத்த சுரப்பியுடைய முதியவருக்குச் சிறுநீரை முற்றாக அடைத்துவிடக் கூடும்.

இச்சுரப்பியில் கிருமி தொற்றுவதும் உண்டு. அது எந்த வயதிலும் வரலாம். கடும் காய்ச்சல், நடுக்கம், ஆசனவாய்க்கும் விதைப்பைக்கும் இடையே வலி, சிறுநீர் முட்டுதல் என்பன ஒன்றாகத் தோன்றினால் அன்றே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். சாதாரண சிறுநீர்த் தொற்றுக்கு ஆண்களில் பொதுவாக 7 நாட்கள் மருந்து போதும். சுரப்பியில் தொற்றியிருந்தால் 2 முதல் 4 வாரங்கள் தேவைப்படும். மூன்றாம் நாளே சுகம் கண்டு மாத்திரையை நிறுத்துபவரிடம் அது நாட்பட்ட நோயாக நிலைத்துவிடும்.

கல்லடைப்பு நமது பிரதேசத்துக்கு மிக நெருங்கிய விடயம். வெப்பமும் வியர்வையும் குறைந்த நீரருந்தலும் சேர்ந்த இடமெங்கும் கல் உண்டு. அரபு நாடுகளின் பாலைவன வெயிலில் கட்டடத் தொழிலும் சாரதித் தொழிலும் செய்து திரும்பிய நமது இளைஞர்கள் பலர் இதை அனுபவத்தில் அறிவர். மனிதகுலத்துக்கு இது புதிய நோயுமன்று. சுஸ்ருத சங்கிதை சலப்பைக் கல்லை அறுத்தெடுக்கும் முறையை விவரிக்கிறது. அர்-ராஸி சிறுநீரகத்திலும் சலப்பையிலும் உண்டாகும் கற்களைப் பற்றித் தனி நூலே எழுதினார். குர்துபாவைச் சேர்ந்த, 1013ஆம் ஆண்டளவில் மறைந்த அஸ்-ஸஹ்ராவி, கல்லை எடுக்கும் சத்திரசிகிச்சையையும் அதற்கான கருவிகளையும் தமது நூலில் விளக்கினார். நம் இரு சமூகங்களின் மருத்துவ மரபுகளும் வெட்கப்படாமல் எழுதிவைத்த விடயத்தை நாம் இன்று பேசத் தயங்குகிறோம்.

5 மில்லிமீற்றருக்குட்பட்ட கல் பெரும்பாலும் தானாகவே இறங்கிவிடும். வலியைத் தணிக்க டைக்குளோபெனக் போன்றவை நன்கு உதவும். ஆனால் சிறுநீரகம் ஏற்கனவே பழுதுற்றவருக்கு அவை தீங்கு. பெரிய கற்களை அதிர்வலையால் உடைக்கலாம், அல்லது குழாய்வழிக் கருவியால் எடுக்கலாம். கல் அடைத்த சிறுநீரகத்தில் கிருமியும் தொற்றிக் காய்ச்சல் வந்தால் அது உயிராபத்து. மணித்தியாலக் கணக்கில் செயற்பட வேண்டிய அவசரம்.

கல்லைத் தடுக்கும் உணவு பற்றி ஊரிலே நிலவும் கருத்துகளில் சில திருத்தப்படவேண்டும். மட்டக்களப்புத் தயிரில் சுண்ணாம்புச்சத்து உண்டு, ஆகவே கல் வரும் என்று அதைக் கைவிடுவோர் பலர். உண்மை அதற்கு நேர்மாறானது. உணவோடு உட்கொள்ளும் அளவான சுண்ணாம்புச்சத்து குடலிலேயே ஒக்சலேற்றைப் பிணைத்து வெளியேற்றிக் கல்லைத் தடுக்கிறது. குறைக்க வேண்டியது உப்பை. கருவாடும் அப்பளமும் ஊறுகாயும் சேர்த்து உண்ணும் உப்பு, சிறுநீரில் சுண்ணாம்பைக் கூட்டுகிறது. அளவுக்கு மீறிய இறைச்சியும் நன்றன்று. தேசிக்காய்ச் சாறு நன்று; அதிலுள்ள சிற்றேற்று கல் திரளுவதைத் தடுக்கும். கிணற்றுநீர் சவராக இருப்பதுதான் கல்லுக்குக் காரணம் என்ற நம்பிக்கையும் பரவலாக உண்டு. நீரின் கடினத்தன்மையை விட, அருந்தும் அளவே முக்கியமானது. சவர்நீரை விரும்பாமல் குறைத்துக் குடிப்பதே இங்கு பெரிய கேடென்று நாம் கருதுகிறோம். நாளொன்றுக்கு 2 முதல் 2.5 லீற்றர் சிறுநீர் கழியுமளவுக்கு நீர் வேண்டும். வயலில் நிற்பவருக்கு அதற்கு எவ்வளவு குடிக்கவேண்டும் என்பதை வெயில்தான் தீர்மானிக்கும்.

நீரிழிவைக் குறிப்பிடாமல் விட முடியாது. கட்டுப்பாடற்ற நீரிழிவுடையோரின் சிறுநீரில் சர்க்கரை இருப்பதால் பூஞ்சணம் எளிதில் வளரும்; நுனித்தோல் சிவந்து வெடித்து எரியும். எம்பாகிளிபுளோசின் போன்ற புதிய நீரிழிவு மருந்துகளும் சிறுநீரில் சர்க்கரையை வெளியேற்றுவதால் இதைக் கூட்டலாம். அதற்காக மருந்தைத் தாமாக நிறுத்தாமல் வைத்தியரிடம் கூறவேண்டும். நுனித்தோல் தொடர்பான இத்தகைய தொல்லைகள் சுன்னத்துச் செய்யப்பட்டோரில் குறைவு. ஆனால் சுன்னத்துச் செய்தோருக்குச் சிறுநீர் நோயே வராது என்று எண்ணுவது தவறு. கல்லுக்கும் புரொஸ்டேட் நோய்க்கும் கொனோரியாவுக்கும் அது காப்பாகாது. சிறுவயதில் சுன்னத்துச் செய்யப்பட்ட சிலருக்குத் துவாரம் சுருங்கித் தாரை மெலிவதும் உண்டு. சிறு சிகிச்சையால் அதைச் சீர்செய்யலாம்.

இனி மருந்துக்கடை விடயத்துக்கு வருவோம். நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகளை வைத்தியரின் சிட்டையின்றி விற்கலாகாது என்பது இந்நாட்டின் சட்டம். 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை நிறுவப்பட்டு ஆண்டுகள் பல கடந்துவிட்டன. எனினும் ‘சலக்கடுப்புக்கு இரண்டு குளிசை’ என்று கேட்டு வாங்குவது நின்றபாடில்லை. இரண்டு குளிசை கிருமியைக் கொல்லாது. பலவீனமான கிருமிகளை அழித்து வலுவானவற்றை வாழவிடும். அடுத்த முறை அதே குளிசை பயன்படாது. உலகில் 2019ஆம் ஆண்டில் மட்டும் மருந்துக்கு மசியாத கிருமிகளால் நேரடியாக 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்தனர் என்பது மதிப்பீடு. இதிலே இன்னுமோர் ஆபத்தும் உண்டு. சிறுநீர்ப் பாதையைப் பற்றும் கசநோய், சாதாரணப் பரிசோதனையில் கிருமி தெரியாமலே சீழ்க்கலங்களைக் காட்டும். சிப்ரொபுளொக்சசின் இனத்து மருந்துகள் அதைச் சிறிது அடக்கி, சுகம் வந்ததுபோல் காட்டி, மெய்யான நோயைக் கண்டறிவதைப் பல மாதங்கள் தாமதப்படுத்திவிடும். அதற்குள் சிறுநீரகம் சேதமடையலாம்.

கடைக்காரரை மட்டும் குற்றஞ்சாட்டுவது நியாயமன்று. அன்றாடக் கூலியாளர் ஒருவர் வவுணதீவிலிருந்தோ கொக்கட்டிச்சோலையிலிருந்தோ நகருக்கு வந்து வரிசையில் நின்று திரும்பினால் அன்றைய கூலி போய்விடும். குளிசை அதைவிட மலிவு. இலவச வைத்தியத்தின் மறைமுக விலை இதுவே. மாலை நேர வெளிநோயாளர் பிரிவுகளைப் பெருக்குவதே இதற்கு நேரான பரிகாரம் என்பது நமது கருத்து.

கைமருந்துகளைப் பொறுத்தவரை, கொத்தமல்லி அவித்த நீர், பார்லிக் கஞ்சி, வெள்ளரி, இளநீர், நெருஞ்சில் கசாயம் ஆகியன சூட்டெரிவுக்கு இதமளிப்பதில் ஐயமில்லை. அவற்றோடு உட்செல்லும் நீரே பாதி மருந்து. கிருமித் தொற்றை இவை குணப்படுத்தும் என்று நம்பிக் காலங்கடத்தலாகாது. சிறுநீரகம் செயலிழந்து வருவோர் இளநீரைத் தவிர்க்கவேண்டும். அதிலுள்ள பொட்டாசியம் இதயத்தைப் பாதிக்கும். பிலிம்பிக்காய்ச் சாற்றையும் காமரங்காய்ச் சாற்றையும் மருந்தென்று வெறும் வயிற்றில் பெருமளவு குடிப்பதும் ஆபத்தானது. அவற்றின் ஒக்சலேற்று நல்ல சிறுநீரகத்தையும் திடீரெனச் செயலிழக்கச் செய்ததை இலங்கை வைத்தியர்கள் பதிவுசெய்துள்ளனர்.

நோன்பு காலத்தில் கல் நோயாளர்கள் என்ன செய்வது என்ற கேள்வி ஆண்டுதோறும் எழுவதுண்டு. நோன்பு திறந்ததிலிருந்து ஸஹர் வரை நீரைப் பகிர்ந்து அருந்தினால் பலரால் சிரமமின்றி நோற்க முடியும். நோன்பு திறக்கும் வேளையில் ஒரேயடியாகக் குடிப்பதால் பயன் குறைவு. கடும் தொற்றோ கல் வலியோ உள்ளவருக்கு நோன்பை விட்டுப் பின்னர் நோற்கும் சலுகையை மார்க்கமே வழங்கியுள்ளது. சிறுநீர் சொட்டும் நோயுள்ள முதியோர், வுழூ நிலைக்காதென்று எண்ணிப் பள்ளிவாசலுக்கே செல்லாது ஒதுங்கிவிடுகின்றனர். அவர்களுக்கும் மார்க்கத்தில் சலுகை உண்டு. உலமாக்களிடம் அதைக் கேட்டறிவதோடு, அந்நோய்க்கு மருத்துவமும் உண்டென்பதை அவர்கள் அறியவேண்டும்.

உடனடியாக வைத்தியசாலைக்குச் செல்லவேண்டிய நிலைகளை மீண்டும் கூறிவிடுகிறோம்: நடுக்கத்துடன் காய்ச்சல், சிறுநீர் முற்றாக அடைபடுதல், விலாவில் தாங்கொணா வலியும் வாந்தியும், விதையில் திடீர் வலியும் வீக்கமும். வலியேயின்றி இரத்தம் கலந்து போவதையும் இலேசாக எண்ணலாகாது. புகைப்பவரிலும் 50 வயதைத் தாண்டியவரிலும் அது சலப்பைப் புற்றுநோயின் முதல் அடையாளமாக இருக்கக்கூடும். வயலில் இறங்கி உழைத்தவருக்குக் காய்ச்சலும் உடல் நோவும் வந்து சிறுநீர் குறைந்தாலோ நிறம் மாறினாலோ எலிக்காய்ச்சலை ஐயுற்று அன்றே செல்லவேண்டும். அதைச் சூடென்று இருந்துவிட்டவர்கள் உயிரிழந்ததுண்டு.

வைத்தியசாலைக்குச் செல்வோர் அறியவேண்டியது ஒன்று உள்ளது. முதற் குளிசையை விழுங்குமுன்னரே சிறுநீரைக் கொடுக்க வேண்டும். விழுங்கிய பின் கொடுத்தால் கிருமி வளராது, முடிவு பிழைத்துவிடும். நுனியைக் கழுவி, முதலில் வருவதை விட்டு, இடையில் வருவதைக் கிருமியகற்றிய குப்பியில் பிடிக்கவேண்டும். பால்வினைத் தொற்று ஐயப்படும் இடத்தில் மட்டும் முதலில் வருவதையே கேட்பார்கள். பிடித்த சிறுநீர் இரண்டு மணித்தியாலத்துக்குள் ஆய்வுகூடத்தை அடையவேண்டும், அல்லது குளிர்ப்பெட்டியில் வைக்கப்பட வேண்டும். படுவான்கரையிலிருந்து காலையில் போத்தலில் பிடித்து, பஸ்ஸில் கொண்டுவந்து, பிற்பகலில் கொடுக்கும் சிறுநீரில் வழியிலே பெருகிய கிருமிகளே தெரியும். ஆகவே வெறுங்கையோடு வந்து, மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையிலோ களுவாஞ்சிக்குடி, காத்தான்குடி, ஏறாவூர், வாழைச்சேனை ஆதார வைத்தியசாலைகளிலோ, கல்முனையிலோ, அங்கேயே குப்பியை வாங்கிக் கொடுப்பது நன்று. வளர்ப்புப் பரிசோதனையின் முடிவு கிடைக்க இரண்டு மூன்று நாட்களாகும். அதுவரை வைத்தியர் ஊகத்தின்பேரில் ஒரு மருந்தைத் தொடங்குவார். முடிவு வந்ததும் அதை மாற்றவும் கூடும். முடிவைப் பெற்றுக்கொள்ள மீண்டும் போகவேண்டும்.